சில்லு நிலத்தைத் தொட்ட பிறகு: தரையோட்டத்தின்போது விமானியின் கவனமும் ஓடுபாதைப் பாதுகாப்பும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கொழும்பில் விமானப் பயணம் பற்றிய பேச்சு எழாத தமிழ் வீடுகள் குறைவு. லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் உறவினர் வந்து போகிறார்கள். வளைகுடா நாடுகளில் வேலை செய்வோர் விடுமுறைக்கு வருகிறார்கள். விமானியாக வேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளைகளும் இப்போது கூடியிருக்கிறார்கள். இவர்களுடைய பயம் பெரும்பாலும் மேலெழும் நேரத்தையும் நடுவானின் குலுக்கலையும் பற்றியதாகவே இருக்கிறது. விமானம் இறங்கியதிலிருந்து வாயிலில் போய் நிற்கும் வரையுள்ள நேரம், அதாவது தரையோட்டம், யாருக்கும் ஒரு பொருட்டாகத் தெரிவதில்லை. அந்த நேரத்தைப் பயணத்தின் எச்சமாகக் கருதுவது தவறு என்பது என் உறுதியான எண்ணம். அதுபற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை, கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

சில்லு நிலத்தில் பட்டாயிற்று, வேகமும் குறைந்தாயிற்று. இதற்குப் பிறகு என்ன ஆபத்து?

குறைந்திருப்பது உங்கள் விமானத்தின் வேகம் மட்டுமே. அதே ஓடுபாதையை நோக்கிப் பின்னால் இறங்கிவரும் விமானம் மணிக்கு ஏறக்குறைய 260 கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருக்கும். ஓடுபாதையின் தொடக்க முனையில் மேலெழக் காத்திருக்கும் விமானமோ எரிபொருள் நிரம்பிய தாங்கிகளோடு அதைவிட வேகமாக ஓடப் போகிறது. இந்த இரண்டும் வரும் வழியில் மெதுவாக நகரும் ஒரு விமானம் இருக்கக்கூடாத இடத்தில் இருந்துவிட்டால், தப்புவதற்கான நேரம் சில வினாடிகள்தான்.

விமானப் போக்குவரத்து வரலாற்றில் ஒரு விபத்தில் மிக அதிகமானோர் இறந்தது வானத்தில் அல்ல, ஓடுபாதையில்தான். 1977 மார்ச் 27ஆம் திகதி, ஸ்பெயினுக்குச் சொந்தமான தெனரீஃப் தீவில், மூடுபனிக்குள் மேலெழ ஓடிய கேஎல்எம் நிறுவனத்தின் போயிங் 747, அதே ஓடுபாதையில் ஊர்ந்துகொண்டிருந்த பான் அம் நிறுவனத்தின் 747 மீது மோதியது. 583 பேர் இறந்தார்கள். பான் அம் விமானம் மூன்றாவது வெளியேறு பாதையில் திரும்பும்படி அறிவுறுத்தப்பட்டிருந்தது. பனியில் அந்தத் திருப்பத்தைத் தாண்டிச் சென்றிருந்தது. கேஎல்எம் விமானமோ அனுமதி கிடைக்கும் முன்பே ஓடத் தொடங்கியது.

ஓடுபாதைக்கும் மற்றப் பாதைகளுக்கும் விமானி எப்படி வித்தியாசம் காண்கிறார்? எனக்கு எல்லாம் ஒரே தார் வீதியாகத்தான் தெரிகிறது.

நிறம்தான் முதல் அடையாளம். ஓடுபாதையின் கோடுகளும் எண்களும் வெள்ளை. டாக்சிவே எனப்படும் இணைப்புப் பாதைகளின் கோடுகள் மஞ்சள். இரவில் ஓடுபாதையின் ஓர விளக்குகள் வெள்ளையாகவும் டாக்சிவேயின் ஓர விளக்குகள் நீலமாகவும் எரியும். டாக்சிவேயின் நடுவில் விளக்குகள் பதித்திருந்தால் அவை பச்சை. சிவப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துள்ள பலகை, இதற்கு அப்பால் ஓடுபாதை இருக்கிறது, அனுமதியின்றித் தாண்டக் கூடாது என்ற கட்டளையாகும். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து நீங்கள் நிற்கும் பாதையின் பெயரையும், மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து அடுத்துத் திரும்பக்கூடிய பாதைகளையும் காட்டும்.

ஓடுபாதையின் எண் அது நோக்கும் திசையாகும். கொழும்பின் விமான நிலையமான கட்டுநாயக்கவின் ஓடுபாதை ஒரு முனையில் 04 என்றும் மறு முனையில் 22 என்றும் எழுதப்பட்டிருப்பது, அது சுமார் 40 பாகையையும் 220 பாகையையும் நோக்கிக் கிடப்பதால்தான்.

ஓடுபாதையை விட்டு வெளியே வந்துவிட்டோம் என்று எந்தக் கணத்தில் சொல்லலாம்?

விமானத்தின் வால் காத்திருப்புக் கோட்டைத் தாண்டிய பிறகுதான். இந்தக் கோடு நான்கு மஞ்சள் வரிகளாலானது: இரண்டு தொடர்ச்சியானவை, இரண்டு விட்டுவிட்டுப் போட்டவை. ஓடுபாதையிலிருந்து வெளியேறுபவருக்கு விட்டுவிட்டுப் போட்ட வரிகள் முதலில் வரும். அவர் தாண்டிச் செல்லலாம், செல்லவும் வேண்டும். எதிர்ப்பக்கத்திலிருந்து வருபவருக்குத் தொடர்ச்சியான வரிகள் முதலில் வரும். அவர் அனுமதி கிடைக்கும் வரை நின்றாக வேண்டும்.

பிழை நேரும் இடம் இதுதான். எயர்பஸ் ஏ330-300 விமானம் ஏறக்குறைய 64 மீட்டர் நீளமானது. விமானி அமர்ந்திருக்கும் அறை கோட்டைத் தாண்டியதும் அவருடைய கண்ணுக்கு எதிரே ஓடுபாதை இல்லை, மஞ்சள் கோடும் முனையக் கட்டிடமும்தான் இருக்கின்றன. ஆனால் உடலின் பெரும்பகுதியும் இறக்கைகளும் வாலும் இன்னும் கோட்டுக்கு அந்தப் பக்கம் கிடக்கின்றன. வெள்ளவத்தையில் கடற்கரை ரயில் பாதையைக் கடக்கும் நீண்ட பஸ்ஸின் சாரதி, தன் இருக்கை தண்டவாளத்தைத் தாண்டியதுமே நிறுத்திவிட்டால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும். தரையில் விமானங்களுக்கு வழி சொல்லும் தரைக் கட்டுப்பாட்டாளரிடமிருந்து அடுத்த அறிவுறுத்தல் வரவில்லை என்பதற்காக அந்த இடத்தில் நிறுத்தாமல், முழு விமானமும் கோட்டைத் தாண்டும் வரை நகர்ந்து, அதன் பிறகு நிற்க வேண்டும் என்று விமானிகளுக்குக் கற்பிக்கப்படுகிறது. இதற்கு உதவியாக, வெளியேறும் பாதையின் நடுவிளக்குகள் பல நிலையங்களில் பச்சையும் மஞ்சளும் மாறி மாறி எரியும். வெறும் பச்சையாக மாறும் இடத்தில்தான் ஓடுபாதையின் பாதுகாப்பு எல்லை முடிகிறது.

சில நேரம் இறங்கிய கையோடு வேகமாக ஒரு பக்கம் திரும்புகிறார்களே, ஏன் அவ்வளவு அவசரம்?

நெருக்கடியான நிலையங்களில் ஓடுபாதையோடு ஏறக்குறைய 30 பாகை கோணத்தில் சாய்வாக அமைந்த விரைவு வெளியேறு பாதைகள் இருக்கின்றன. பெரிய விமானங்களுக்கான ஓடுபாதைகளில், ஈரமான தரையிலும் மணிக்கு 93 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பக்கூடியவாறு இவை வடிவமைக்கப்படுகின்றன. எனவே அது அவசரமல்ல, திட்டம்தான். பின்னால் ஐந்து கடல் மைல் தொலைவில் வரும் விமானம் ஓடுபாதையை எட்ட இரண்டு நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே எடுக்கும். முன்னால் இறங்கியது அதற்குள் வெளியேறாவிட்டால், வருவது மீண்டும் மேலெழ வேண்டியிருக்கும். அப்படி மேலெழுவது பாதுகாப்பான வழக்கமான செயல்தான். ஆகவே தவறவிட்ட திருப்பத்தைப் பிடிப்பதற்காகக் கூடிய வேகத்தில் திரும்புவதைவிட, அடுத்த திருப்பம் வரை போவதே சரி.

இறங்கிய பிறகு விமானிகள் இருவரும் என்ன செய்கிறார்கள்? வேலை முடிந்ததுதானே?

ஒருவர் விமானத்தைத் தரையில் செலுத்துகிறார். பெரும்பாலும் அது இடப்பக்கத்திலிருக்கும் கப்டன், அவருடைய கையருகே முன்சில்லைத் திருப்பும் சிறு சுக்கான் இருக்கும். மற்றவர் வானொலியில் பேசுகிறார், விமான நிலைய வரைபடத்தைப் பார்த்து வழி சொல்கிறார், செலுத்துபவரின் கவனம் தவறினால் பிடிக்க வேண்டிய இரண்டாவது கண்ணும் அவரே.

இக்கட்டு என்னவென்றால், இந்த இரண்டாவது கண்ணுக்கு இதே நேரத்தில்தான் வேலை குவிகிறது. இறக்கையின் பின்புற மடிப்புகளை உள்ளிழுக்க வேண்டும், தரையில் வேகம் குறைக்க எழுந்த தகடுகளை இறக்க வேண்டும், வானிலை ரேடாரை அணைக்க வேண்டும், வாலிலுள்ள சிறு துணை இயந்திரத்தை இயக்க வேண்டும், கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அலைவரிசையிலிருந்து தரைக் கட்டுப்பாட்டின் அலைவரிசைக்கு மாற வேண்டும், எந்த வாயில் என்று கேட்க வேண்டும். இடக்கை நெம்புகோலிலும் பார்வை கருவித் தட்டிலும் இருக்கும் அந்த அரை நிமிடத்தில், கண்ணாடிக்கு வெளியே பார்ப்பவர் ஒருவர் மட்டுமே. அதனால்தான் பல நிறுவனங்கள், ஓடுபாதையை முழுமையாக விட்டு வெளியேறும் வரை இந்தப் பட்டியலைத் தொடவே கூடாது என்று விதித்திருக்கின்றன. இன்னொரு ஓடுபாதையைக் கடக்க வேண்டியிருந்தால், கடந்து முடியும் வரை இருவரும் தலை நிமிர்ந்து வெளியே பார்க்க வேண்டும். பட்டியல் காத்திருக்கலாம், துணை இயந்திரம் ஒரு நிமிடம் பிந்தி இயங்கினால் யாருக்கும் கேடில்லை.

அந்த நேரத்தில் விமானிகள் சும்மா கதைத்துக்கொள்வதும் தடையா?

ஆம். பணிக்குத் தேவையற்ற பேச்சும் செயலும் கூடாது என்ற விதியை அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1981இல் கொண்டுவந்தது. இன்று உலகெங்கும் இதுவே வழக்கம். 1974இல் சார்லட் நகரருகே, தரையிறங்க வந்த ஈஸ்டர்ன் நிறுவன விமானமொன்று விழுந்து 72 பேர் இறந்ததும், அந்த இறக்கத்தின்போது விமானிகள் வேலைக்குச் சம்பந்தமில்லாதவற்றைப் பேசிக்கொண்டு வந்ததும் இவ்விதிக்கு முக்கியமான பின்னணி. பத்தாயிரம் அடிக்குக் கீழே பறக்கும் நேரம்தான் இவ்விதிக்கு உட்பட்டது என்று பலர் நினைக்கிறார்கள். தரையோட்டமும் அதில் அடங்கும். விமானம் வாயிலை அடைந்து நிற்கும் வரை அது நீடிக்கிறது. விமானப் பணியாளர்களும் அவசரமில்லாத விடயங்களுக்காக விமானி அறையை அழைக்கக் கூடாது.

இருபது வருட அனுபவமுள்ள விமானி எப்படி வழி தவறுவார்? நம்பவே முடியவில்லை.

அனுபவம் வழி தவறாமைக்கு உத்தரவாதமல்ல. தெனரீஃபில் அனுமதியின்றி ஓடத் தொடங்கிய கப்டன், தன் நிறுவனத்தின் முன்னணிப் பயிற்சி விமானிகளில் ஒருவர். பழகிய நிலையத்தில் அனுபவசாலியின் மனம், வழக்கமாகக் கேட்கும் அறிவுறுத்தலையே இன்றும் கேட்டதாக எடுத்துக்கொள்ளும். வழக்கமாகத் திரும்பும் இடத்திலேயே கை திரும்பும். புதியவர் அச்சத்தினால் இருமுறை பார்க்கும் பலகையைப் பழகியவர் பார்க்காமலே கடந்துவிடக்கூடும்.

இதற்குத் தெளிவான சான்று 1999 டிசெம்பர் 6ஆம் திகதி இரவு, அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் நடந்தது. அடர்ந்த மூடுபனியில் யுனைட்டெட் நிறுவனத்தின் போயிங் 757 ஒன்று பத்திரமாக இறங்கியது. கடினமான பகுதி முடிந்தது என்று யாரும் எண்ணக்கூடிய நேரத்தில், வாயிலுக்குப் போகும் வழியில் ஒரு திருப்பத்தைத் தவறாக எடுத்து, சற்று முன் தான் இறங்கிய அதே ஓடுபாதைக்கே திரும்பி வந்து சேர்ந்தது. அந்நேரம் ஃபெடெக்ஸ் சரக்கு விமானமொன்று மேலெழுந்து அவர்களுக்கு மிக அருகால் பறந்து சென்றது. ஒருவருக்கும் காயமில்லை என்பது தற்செயல்.

இறங்கியதும் வரும் தளர்ச்சியை நான் இதில் முக்கியமாகக் கருதுகிறேன். மோசமான வானிலையில் இறங்குவதற்காக ஒருமுகப்பட்டிருந்த மனம், சில்லு பட்டதும் தன்னையறியாமல் இளகுகிறது. இதனோடு நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். அதிகாலை இரண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் இடைப்பட்ட நேரத்தில் மனித உடலின் விழிப்பு மிகத் தாழ்ந்திருக்கும். கட்டுநாயக்கவில் நாம் உறவினரை அழைத்துவரக் காத்திருக்கும் நேரமும் பல நாட்களில் அதுதான்.

கோபுரத்தில் இருப்பவர்கள் எல்லாவற்றையும் மேலிருந்து பார்க்கிறார்களே, தடுக்க மாட்டார்களா?

பார்க்க முடிந்தால் தடுப்பார்கள். மேலே சொன்ன பிராவிடன்ஸ் நிகழ்வில் பனியினால் கோபுரத்திலிருந்து தரை தெரியவில்லை. தாங்கள் ஓடுபாதையில் இருப்பதாகவும் ஒரு விமானம் தங்களைக் கடந்து மேலெழுந்ததாகவும் யுனைட்டெட் விமானிகள் சொன்ன பிறகும், கட்டுப்பாட்டாளர் நிலைமையைச் சரியாக விளங்கிக்கொள்ளாமல் அடுத்த விமானத்துக்கு மேலெழ அனுமதி கொடுத்தார். அந்த விமானத்தின் குழுவினர் வானொலியில் நடந்த உரையாடலைக் கேட்டுக்கொண்டிருந்ததால், வழி தவறிய விமானம் வாயிலை அடையும் வரை நகர மாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். அனுமதி கிடைத்த பின்பும் மறுப்பதற்கு விமானிக்கு உரிமை உண்டு. என் மனதில், இந்தத் துறையின் மிகச் சிறந்த முடிவுகளில் ஒன்று அது.

2001 ஒக்டோபர் 8ஆம் திகதி மிலான் நகரின் லினாட்டே நிலையத்தில் தரை ரேடார் இயங்காத நிலையில், பனிக்குள் பாதை தவறிய ஒரு சிறு செஸ்னா விமானம் ஓடுபாதைக்குள் நுழைந்து, மேலெழுந்துகொண்டிருந்த எஸ்ஏஎஸ் விமானத்தோடு மோதியதில் 118 பேர் இறந்தார்கள். கண் எட்டாத இடத்தில் சொல் ஒன்றே பிடிப்பு. அதனால்தான் ஓடுபாதையைக் கடக்கவோ அதற்கு முன் நிற்கவோ சொல்லும் எந்த அறிவுறுத்தலையும் விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டாளர் அதைக் காது கொடுத்துச் சரிபார்க்க வேண்டும். வெறுமனே "சரி" என்று சொல்வது பதிலாகாது.

கட்டுநாயக்கவில் இருப்பது ஒரே ஓடுபாதைதானே. அப்படியென்றால் இங்கே இந்தப் பிரச்சினை இல்லைத்தானே?

ஒரு வகை ஆபத்து குறைகிறது என்பது உண்மை. லண்டன் ஹீத்ரோவில் வடக்கு ஓடுபாதையில் இறங்கிய விமானம் தெற்கேயுள்ள நான்காவது முனையத்துக்குப் போவதற்குத் தெற்கு ஓடுபாதையைக் கடக்க வேண்டும். சென்னையில் இரண்டு ஓடுபாதைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன. அத்தகைய கடப்புகள் கட்டுநாயக்கவில் இல்லை.

ஆனால் 3,350 மீட்டர் நீளமான அந்த ஒரே ஓடுபாதையில்தான் இறங்குவனவும் எழுவனவும் மாறி மாறி இயங்குகின்றன. விமானப்படையின் தளமும் அங்கேயே இருக்கிறது. பரிசோதனை வாகனங்களும் ஓடுபாதைக்குள் போய் வருகின்றன. 2017இன் முதல் மாதங்களில் ஓடுபாதையைப் புதுப்பித்தபோது பகல் நேரம் முழுக்க அது மூடப்பட்டு, விமானங்களின் நேர அட்டவணையே மாற்றியமைக்கப்பட்டது நினைவிருக்கும். ஒரே ஓடுபாதை என்றால், வெளியேறப் பிந்தும் ஒவ்வொரு விமானமும் அடுத்ததன் வழியில்தான் நிற்கிறது. வால் கோட்டைத் தாண்டுவது பற்றி முன்னர் சொன்னது இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும்.

மழை கொட்டும் இரவில் அவர்களுக்கு என்னதான் தெரியும்?

நாம் நினைப்பதைவிடக் குறைவாகவே தெரியும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களின் மாலை இடிமழையில் ஈரத் தரை விளக்குகளையெல்லாம் பிரதிபலிக்கும். மஞ்சள் கோடு நீர்ப்படலத்துக்குள் மறையும். கண்ணாடித் துடைப்பான் முழு வேகத்தில் ஓடியும் தெளிவு போதாது. நேரான பாதையில் மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் அளவில் ஓடக்கூடிய விமானத்தை அப்போது நடை வேகத்துக்குக் கொண்டுவருவதே முறை. 2000 ஒக்டோபர் 31ஆம் திகதி, சூறாவளி மழையில் தைப்பேயில் சிங்கப்பூர் எயர்லைன்ஸ் விமானமொன்று, திருத்த வேலைக்காக மூடப்பட்டிருந்த பக்கத்து ஓடுபாதையில் தவறாக நுழைந்து மேலெழ முயன்று, கட்டுமான இயந்திரங்களில் மோதி 83 பேரைப் பலிகொண்டது. அது இறங்கிய விமானமல்ல, எழப் போன விமானம். ஆனால் தரையில் வழி தவறிய விதம் ஒன்றுதான்.

இந்தக் காலத்தில் கருவிகள் எச்சரிக்காதா?

எச்சரிக்கும். விமானம் நிலைய வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டும் திரைகளும், ஓடுபாதையை நெருங்கும்போது குரலில் சொல்லும் கருவிகளும், அனுமதியின்றி நுழையாதபடி குறுக்கே எரியும் சிவப்பு விளக்கு வரிசைகளும் இன்று பல இடங்களில் உண்டு.

இவையெல்லாம் இருந்தும் என்ன நடக்கலாம் என்பதை 2024 ஜனவரி 2ஆம் திகதி டோக்கியோவின் ஹனேடா காட்டியது. மேலெழும் வரிசையில் தாம் முதலாவது என்று கட்டுப்பாட்டாளர் சொன்னதை அனுமதியாக விளங்கிக்கொண்ட கடலோரக் காவல்படை விமானம் ஓடுபாதைக்குள் சென்று நின்றது. இறங்கிய ஜப்பான் எயர்லைன்ஸ் ஏ350 அதன் மீது மோதியது. சிவப்பு விளக்கு வரிசை அந்நாட்களில் வேலைக்காக நிறுத்தப்பட்டிருந்தது. கோபுரத்தின் திரையில் எச்சரிக்கை தோன்றியது, எவரும் கவனிக்கவில்லை. காவல்படை விமானத்தின் ஆறு பேரில் ஐவர் இறந்தார்கள். ஏ350இலிருந்த 379 பேரும் எரியும் விமானத்திலிருந்து உயிரோடு வெளியேறினார்கள்.

வழி தெரியாமல் போய்விட்டால் விமானி என்ன செய்ய வேண்டும்? நின்றுவிடலாமா?

டாக்சிவேயில் என்றால், ஆம்: நிற்க வேண்டும், எங்கே இருக்கிறோம் என்று தெரியவில்லை என்பதைக் கூச்சமின்றிச் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டாளர் ஒவ்வொரு திருப்பமாக வழி சொல்வார், அல்லது வழிகாட்டும் வாகனம் ஒன்றை அனுப்புவார். ஓடுபாதையின் மேல் நிற்கிறோமோ என்ற சந்தேகம் எழுந்தால் நிலைமை வேறு. முதலில் கோபுரத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். அங்கிருந்து வெளியேறும் பாதை கண்ணுக்குத் தெரிந்தால் தாமதமின்றி வெளியேற வேண்டும். அங்கேயே நின்று வரைபடத்தை விரித்துப் பார்ப்பதுதான் மிக மோசமான தெரிவு.

நாங்கள் எழும்பிப் பையை எடுத்தால் முன்னாலிருக்கும் விமானிக்கு என்ன வந்தது?

பயணிகள் எழும்பினால் பணியாளர் விமானி அறைக்கு அறிவிக்க வேண்டி வரலாம்; விமானி வானொலியில் வரும் அறிவுறுத்தலை விட்டு அந்த அழைப்பைக் கேட்க வேண்டும்; சில வேளைகளில் விமானத்தையே நிறுத்த வேண்டும். வெளியேறு பாதையின் நடுவில் நிறுத்துவது எதைக் குறிக்கும் என்பதை முன்னரே பார்த்தோம். விமானி சடுதியாகத் தடை பிடித்தால் நிற்பவர் விழுவார், மேலேயிருந்து எடுத்த பை இன்னொருவரின் தலையில் விழும். ஆசனப்பட்டிச் சின்னம் அணையும் வரை இருக்கையில் இருங்கள். அம்மா அப்பாவுக்குத் தொலைபேசி எடுப்பதற்காகவும் எழும்ப வேண்டியதில்லை.

பிழை விட்ட விமானியை வேலையிலிருந்து நிறுத்தினால் மற்றவர்கள் ஒழுங்காக இருப்பார்களே?

கேள்வியிலுள்ள கோபம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் நான் உடன்படவில்லை. வேண்டுமென்றே விதியை மீறுபவரைத் தண்டிப்பது வேறு. தவறான திருப்பத்தை எடுத்து, தானே உணர்ந்து, நின்று, கோபுரத்துக்குச் சொன்னவரைத் தண்டித்தால், அடுத்தவர் சொல்லாமல் இருக்கக் கற்றுக்கொள்வார். ஒரே நிலையத்தின் ஒரே சந்தியில் விமானிகள் பலர் தடுமாறுகிறார்கள் என்றால் பிழை அந்தச் சந்தியின் கோட்டிலோ பலகையிலோ இருக்கலாம். அவர்கள் அறிவித்தால்தான் அது திருத்தப்படும்.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13ஆவது இணைப்பு, விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் இனிமேல் நேராமல் தடுப்பதே, குற்றம் சுமத்துவது அல்ல என்று வரையறுக்கிறது. பிராவிடன்ஸில் எவரும் காயமடையாதபோதும் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை அந்நிகழ்வை ஆராய்ந்தது. அன்றிரவின் வானொலி உரையாடல் விமானிப் பயிற்சிகளில் இன்றும் எடுத்துக்காட்டாகக் கேட்கப்படுகிறது. விமானி ஆக விரும்பும் பிள்ளைகள் தங்கள் பயிற்றுநரிடம் அதைக் கேட்டு வாங்கி, அனுமதியை மறுத்த அந்த மூன்றாவது விமானத்தின் குரலையும் தவறாமல் கேளுங்கள்.